சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, டி டிரைவ் காலியாகக் கிடக்கிறது

கேள்வி: மண்டபத்தில் சிறிய ஸ்டுடியோ நடத்துகிறேன், வீடு உச்சிப்புளியில். வேதாளை, மரைக்காயர்பட்டினம், பாம்பன் பகுதிகளில் திருமணம், காதுகுத்து, புதுமனைப் புகுவிழா ஆகியவற்றைப் படம்பிடித்து வீடியோவும் ஆல்பமும் செய்து தருகிறேன். கணினியில் 120 ஜிபி எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸும், 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் வேலைகளும் இருக்கின்றன. ரேம் 8 ஜிபி. சென்ற வாரம் விண்டோஸ் 11-க்கு மாறியதிலிருந்து சி டிரைவில் 2 ஜிபிகூட மிச்சமில்லை. டி டிரைவில் 600 ஜிபி காலியாக இருக்கிறது. ‘ஸ்கிராட்ச் டிஸ்க் நிறைந்துவிட்டது’ என்று சொல்லி போட்டோஷாப் திறக்க மறுக்கிறது. வீடியோ எடிட் செய்யும் பிரீமியரில் எக்ஸ்போர்ட் பாதியில் நின்றுவிடுகிறது. புரோகிராம் ஃபைல்ஸ், யூசர்ஸ் ஆகிய ஃபோல்டர்களை வெட்டி டி-யில் ஒட்டிவிடு என்கிறார் ஒரு நண்பர். டி-யிலிருந்து 200 ஜிபியைப் பிரித்து சி-யுடன் சேர்த்துக்கொள் என்கிறார் இன்னொருவர். புதுக் கணினி வாங்கும் நிலையில் நான் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: மண்டபம் வாசகருக்கு வணக்கம். நண்பர்கள் இருவரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு யோசனைகளையும் நீங்கள் ஒதுக்கிவைப்பதே நல்லது. முதல் யோசனையைச் செய்தால் கணினி நிற்கும். இரண்டாவதை உங்கள் கணினியில் செய்யவே முடியாது. காரணங்களைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், இன்னும் ஆல்பம் கொடுத்து முடிக்காத வாடிக்கையாளர்களின் படங்களையும் வீடியோக்களையும் ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். டிரைவ் நிறைந்த அவசரத்தில் எதையோ அழிக்கப்போய் வேறு எதையோ அழித்தவர்களைத்தான் பழுது பார்க்கும் இடத்தில் நாங்கள் அதிகம் பார்க்கிறோம். சி-யில் இருந்ததை டி-க்கு மாற்றிவிட்டால் அது பத்திரமாகிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருக்கும் கோப்பு, அந்த இடம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், நகல் இல்லாத கோப்புதான்.

உங்கள் எஸ்.எஸ்.டி.யின் மேல் 120 என்று அச்சிட்டிருந்தாலும் விண்டோஸ் அதை ஏறக்குறைய 111 ஜிபி என்றே காட்டும். 1 டிபி ஹார்ட் டிஸ்க் 931 ஜிபியாகத் தெரியும். தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024-இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வித்தியாசம் இது. டிரைவில் குறை ஒன்றும் இல்லை. இந்த 111-இல் சுமார் 20 ஜிபியை எப்போதும் காலியாக விட்டுவைக்க வேண்டும் என்பது என் கருத்து. எஸ்.எஸ்.டி.யில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேரடியாக மறுபடி எழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழித்த பிறகுதான் அங்கே புதிதாக எழுத முடியும். காலியிடம் இருந்தால் அந்த அழிப்பு வேலையை அது ஓய்வு நேரத்தில் முடித்து வைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் நீங்கள் எழுதச் சொல்லும் நேரத்திலேயே இருப்பதை இடம் மாற்றி, அழித்து, பிறகு எழுத வேண்டியிருப்பதால் வேகம் படுத்துவிடும். விரைவாகத் தேயவும் செய்யும். குறிப்பாக, விலை குறைந்த எஸ்.எஸ்.டி.களில் இந்தத் தடுமாற்றம் நன்றாகவே தெரியும்.

இப்போது உடனடியாகக் கிடைக்கக்கூடிய இடத்தைப் பார்ப்போம். சென்ற வாரம் விண்டோஸ் 11-க்கு மாறியதாக எழுதியிருக்கிறீர்கள். சந்தேகத்துக்குரிய முதல் ஆள் அதுதான். பழைய விண்டோஸுக்குத் திரும்ப விரும்பினால் உதவட்டும் என்று, புதிய பதிப்பு பழையதை ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற ஃபோல்டரில் வைத்திருக்கும். அது 10 ஜிபிக்கு மேல், சில கணினிகளில் 20 ஜிபி வரைகூட இருக்கும். பத்து நாட்களில் அது தானாகவே நீங்கிவிடும். பிரிண்டர், மானிட்டரின் நிற அமைப்பு, போட்டோஷாப், பிரீமியர் எல்லாம் புதிய விண்டோஸில் ஒழுங்காக ஓடுகின்றன என்று உறுதியானால், அதுவரை காத்திராமல் இப்போதே நீக்கலாம். நீக்கியபின் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். அந்த ஃபோல்டரைக் கையால் அழிக்கப் பார்க்காமல், செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ், அதற்குள் டெம்பரரி ஃபைல்ஸ் என்ற பக்கத்துக்குச் சென்று, முந்தைய விண்டோஸ் நிறுவல் என்ற வரியில் டிக் செய்து நீக்குங்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு கண்ணியும் இருக்கிறது. தற்காலிகக் கோப்புகளின் பட்டியலிலேயே ‘டவுன்லோட்ஸ்’ என்ற வரியும் வரும். வழக்கமாக அதில் டிக் இருக்காது. ஆனால் ‘எல்லாம் குப்பைதானே’ என்று வரிசையாக டிக் செய்துகொண்டே போகிறவர்கள் அதையும் சேர்த்துவிடுவார்கள். உங்கள் தொழிலில் மணமக்களின் பழைய படங்கள், அழைப்பிதழ், பேனருக்கான வாசகம் என்று வாட்ஸ்அப் வழியாக வாடிக்கையாளர்கள் அனுப்பியதெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த வரியில் டிக் செய்யாதீர்கள். முதலில் அந்த ஃபோல்டரைத் திறந்து வேண்டியதை எடுத்து வையுங்கள்.

அடுத்தது ஹைபர்னேட். கணினி உறங்கும்போது ரேமில் இருப்பதைச் சேமித்து வைக்க சி டிரைவில் ஒரு மறைகோப்பு ஒதுக்கப்பட்டிருக்கும். அதன் அளவு பொதுவாக ரேமில் 40 சதவீதம். 8 ஜிபி ரேமுக்கு 3 ஜிபிக்குச் சற்று மேல். காலையில் போட்டு இரவில் அணைக்கும் மேசைக் கணினிக்கு அது பெரிய அவசியமில்லை. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையின் ஹைபர்னேட் தெரிவை ஆஃப் செய்தால் அந்தக் கோப்பு போய்விடும். அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியும் போகும், எஸ்.எஸ்.டி.யில் அதனால் சில நொடிகள் கூடலாம், அவ்வளவுதான். ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ்ஃபைல் என்ற இன்னொரு மறைகோப்பையும் இதேபோல் ஒழித்துவிடச் சொல்வார்கள். 8 ஜிபி ரேமில் பிரீமியர் ஓட்டுகிறவர் அதைத் தொடக்கூடாது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்று ஒன்று பெரியதாகத் தெரிவதைப் பார்த்து மிரளவும் வேண்டாம். அதிலுள்ள பல கோப்புகள் வேறிடத்தில் இருக்கும் அதே கோப்புகளுக்கான இரண்டாவது பெயர்கள்தாம். காட்டும் அளவு முழுவதையும் அது உண்மையில் அடைத்துக்கொள்வதில்லை.

இவற்றால் கிடைப்பது ஒரு முறை வரும் வரவு. மாதாமாதம் சி டிரைவை நிரப்புவது எது என்று கண்டுபிடிக்காவிட்டால் இன்னும் சில வாரங்களில் இதே கேள்வியுடன் மறுபடியும் எழுதுவீர்கள். விஸ்ட்ரீ, ட்ரீசைஸ் ஃப்ரீ போன்ற சிறிய மென்பொருள் ஒன்றை நிறுவி சி டிரைவை அலசினால் எந்த ஃபோல்டர் எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது பெரியதிலிருந்து சிறியதாக வரிசையில் வந்துவிடும். ஸ்டுடியோ கணினிகளில் பெரும்பாலும் மேலே நிற்பது உங்கள் பெயரிலுள்ள பயனர் ஃபோல்டர்தான். அதற்குள் மூன்று இடங்களைப் பார்க்கச் சொல்வேன்.

முதலாவது டெஸ்க்டாப். கேமராவின் கார்டைச் செருகியதும் ‘நியூ ஃபோல்டர்’, ‘நியூ ஃபோல்டர் (2)’ என்று டெஸ்க்டாப்பிலேயே கொட்டிவைக்கும் வழக்கம் அநேகமாக எல்லா ஸ்டுடியோக்களிலும் உண்டு. திரையில் கண்ணெதிரே இருப்பதால் அது எந்த டிரைவிலும் சேராத பொதுவிடம்போல் தோன்றும். ஆனால் டெஸ்க்டாப் என்பது சி டிரைவில் உள்ள ஒரு ஃபோல்டர். இரண்டாவது, ஆப்டேட்டா என்ற மறைஃபோல்டருக்குள் அடோபி சேர்த்துவைக்கும் மீடியா கேச். பிரீமியருக்குள் நீங்கள் இழுத்துப்போடும் ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒலி அலைவரைபடம், குறியீட்டுக் கோப்பு என்று சிலவற்றை அது உண்டாக்கி வைக்கும். வாடிக்கையாளரிடம் பென் டிரைவைக் கொடுத்து மாதங்கள் ஆன பிறகும் அவை அங்கேயே இருக்கும். மூன்றாவது, அதே ஆப்டேட்டாவில் டெம்ப் ஃபோல்டர். போட்டோஷாப் திடீரென்று மூடப்பட்டாலோ மின்சாரம் போனாலோ, ரேம் போதாதபோது அது தற்காலிகமாக எழுதிவைக்கும் ஸ்கிராட்ச் கோப்பு ‘போட்டோஷாப் டெம்ப்’ என்ற பெயருக்குப் பின் ஓர் எண்ணுடன் அங்கே அநாதையாகக் கிடக்கும். நாற்பது பக்க ஆல்பத்தை அடுக்கடுக்கான லேயர்களுடன் செய்கிறவரின் கணினியில் இப்படி ஒரே கோப்பு பல ஜிபி இருப்பது சாதாரணம். போட்டோஷாப்பை மூடிவிட்டு அவற்றைத் தயங்காமல் அழிக்கலாம்.

இங்கேதான் முதல் நண்பரின் யோசனை தவறிப்போகிறது. ஃபோல்டரை நாம் கையால் நகர்த்தினால், அது நகர்ந்த செய்தி அந்த மென்பொருளுக்குத் தெரியாது; விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் பழைய முகவரியே பதிந்திருக்கும். புரோகிராம் ஃபைல்ஸை வெட்டி ஒட்டினால் ஐகானைத் தட்டும்போது ஒன்றும் திறக்காது; யூசர்ஸை நகர்த்தினால் உள்நுழைவதே சிக்கலாகலாம். அதைவிட முக்கியம், மென்பொருள்கள் எஸ்.எஸ்.டி.யில் இருக்கத்தான் வேண்டும். அவை வளர்வதில்லை; வேகத்தால் பயன்பெறுவதும் அவைதாம். நகர்த்த வேண்டியது நாள்தோறும் வளர்கிறவற்றை மட்டும். அதையும் அந்தந்த மென்பொருளிடமே ‘இனிமேல் இங்கே வை’ என்று சொல்லி நகர்த்த வேண்டும்.

போட்டோஷாப்பில் எடிட், பிரிஃபரன்சஸ், ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ் என்று சென்று டி-க்கு டிக் வைத்து, சி-க்கு இருப்பதை எடுத்துவிடுங்கள். இப்போது அது திறக்கவே மறுக்கிறது என்பதால், கன்ட்ரோல், ஆல்ட் ஆகிய இரண்டு பொத்தான்களையும் அழுத்திப் பிடித்தபடி தொடங்குங்கள். ஸ்கிராட்ச் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் சிறு பெட்டி முதலில் வரும். பிரீமியரில் ப்ராஜெக்டுகள் இயல்பாக டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள், அதாவது சி-யில்தான் சேமிக்கப்படும். ப்ரிவியூ கோப்புகளும் அங்கேயே குவியும். எக்ஸ்போர்ட் பாதியில் நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். டி-யில் வேலைகளுக்கென ஒரு ஃபோல்டர் வைத்து, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் உள்ஃபோல்டர் போட்டு, ப்ராஜெக்ட் கோப்பை அதிலேயே சேமித்து, ஸ்கிராட்ச் டிஸ்க் அமைப்பை ‘ப்ராஜெக்ட் இருக்கும் இடமே’ என்று வைத்து, எக்ஸ்போர்ட் போய்ச்சேரும் இடத்தையும் அங்கேயே காட்டுங்கள்.

மீடியா கேச் விஷயத்தில் மட்டும் நான் பலரிடமிருந்து மாறுபடுகிறேன். அதையும் டி-க்கு அனுப்பிவிடு என்பார்கள். அனுப்பலாம், இடம் மிச்சமாகும். ஆனால் கேச் என்பது ஆயிரக்கணக்கான சிறுசிறு கோப்புகள். ஹார்ட் டிஸ்க்கில் முள் ஒவ்வோர் இடமாக நகர்ந்து தேட வேண்டியிருப்பதால், டைம்லைனில் இழுக்கும்போதெல்லாம் தயக்கம் தெரியும். பிரீமியரின் மீடியா கேச் அமைப்பில், இத்தனை ஜிபியைத் தாண்டினால் பழையதை நீக்கு என்று வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. சி-யில் 30 ஜிபிக்கு மேல் காலியிடம் மீண்டால், கேச்சை அங்கேயே விட்டு 10 ஜிபி வரம்பு வையுங்கள். மீளாவிட்டால் டி-க்கு மாற்றுங்கள். ஒலியும் ஒளியும் கொண்ட அசல் வீடியோக்களை டி-யில் வைத்து வேலை செய்வதில் தவறில்லை. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்த 4கே வீடியோவுக்கு ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி வேண்டும். ஒரு கல்யாணத்தை உங்கள் எஸ்.எஸ்.டி.யில் வைத்து எடிட் செய்வது எப்படியும் நடக்காத காரியம். ஒரு கேமரா, இரண்டு கேமரா என்றால் ஹார்ட் டிஸ்க்கே தாங்கும்.

டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஆகிய ஐந்தையும் முறைப்படி டி-க்கு மாற்ற விண்டோஸே வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஃபோல்டரின் மேலும் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ் என்று சென்று புதிய இடத்தைக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டும்போது வெறும் டி டிரைவைக் காட்டிவிடாதீர்கள். டி-யில் ‘டாக்குமென்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ என்று தனித்தனி ஃபோல்டர்களை முன்னதாகவே உண்டாக்கி, அதனதனைக் காட்டுங்கள். டிரைவையே காட்டினால் முழு டிரைவும் ‘டாக்குமென்ட்ஸ்’ ஆகிவிடும். அதன்பின் அதைப் பிரித்தெடுப்பது தலைவலி. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் இந்த ஃபோல்டர்களைத் தன் பொறுப்பில் எடுத்திருந்தால் மூவ் செய்ய விடாது. முதலில் ஒன்டிரைவ் அமைப்பில் பேக்கப்பை நிறுத்துங்கள். ஒன்டிரைவ் ஃபோல்டரில் இடம் வேண்டுமென்று கோப்பை டெலிட் செய்தால் இணையத்திலுள்ள பிரதியும் சேர்ந்து போகும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இந்த மாற்றங்களை மின்சாரம் நிலையாக இருக்கும் நேரத்தில், யுபிஎஸ் பேட்டரி தாங்கும் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். காற்று பலமாக வீசினால் மண்டபத்தில் மின்சாரம் போவதும் வருவதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரிய வீடியோக்களை வெட்டி ஒட்டாமல், காப்பி செய்து, புதிய இடத்தில் சில கோப்புகளை ஓட்டிப் பார்த்து, மொத்த அளவும் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்த பிறகு பழையதை அழியுங்கள்.

இரண்டாவது நண்பரின் யோசனைக்கு வருகிறேன். ஒரே டிஸ்க்கைச் சி, டி என்று இரண்டாகப் பிரித்திருந்தால் ஒன்றைச் சுருக்கி மற்றதைப் பெருக்க முடியும். உங்களிடமோ இரண்டும் வெவ்வேறு பொருள்கள். கீழக்கரையில் உள்ள மனையின் வேலியைத் தள்ளிவைத்து மண்டபத்தில் உள்ள மனையைப் பெரிதாக்க முடியாது அல்லவா? டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் சி, ‘டிஸ்க் 0’ என்ற வரியிலும் டி, ‘டிஸ்க் 1’ என்ற வரியிலும், அல்லது எண்கள் மாறி, தனித்தனியாகத் தெரியும். இரண்டையும் இணைத்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள் எதையாவது தேடிப் பதிவிறக்கினால், இருக்கிற இடத்தில் அதுவும் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் மிச்சம்.

கையில் சிறிது பணம் சேரும்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 500 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி, இப்போதைய சி டிரைவை அப்படியே அதற்கு க்ளோன் செய்துவிடலாம். விண்டோஸையோ மென்பொருள்களையோ மறுபடி நிறுவ வேண்டியதில்லை. மதர்போர்டில் எஸ்.எஸ்.டி.யை நேரடியாகச் செருகும் எம்.2 சாக்கெட் இருந்தால் அது சாட்டா வகையா, என்விஎம்இ வகையா என்று மதர்போர்டு கையேட்டைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் பல சாக்கெட்டுகளில் ஒன்றுக்குப் பதில் மற்றது ஓடாது. க்ளோன் செய்த பிறகு சி-யின் வலப்பக்கத்தில் விண்டோஸைப் பழுது நீக்க ஒதுக்கிய ரெக்கவரி பார்ட்டிஷன் ஒன்று குறுக்கே நிற்பதால், சி-யைப் பெரிதாக்கும் ‘எக்ஸ்டெண்ட்’ தெரிவு மங்கலாகத் தெரியும்; க்ளோன் செய்யும் மென்பொருளிலேயே அளவை மாற்றி எழுதச் சொன்னால் அந்தத் தொல்லை வராது. விண்டோஸ் 11-இல் டிரைவைப் பூட்டிவைக்கும் என்க்ரிப்ஷன் செயல்பாட்டில் இருக்கலாம். அதன் ரெக்கவரி கீயை முன்னதாகவே தாளில் எழுதி வையுங்கள். பழைய 120 ஜிபி எஸ்.எஸ்.டி.யை வீசிவிட வேண்டாம். பிரீமியரின் கேச்சுக்கும் போட்டோஷாப்பின் ஸ்கிராட்ச்சுக்கும் மட்டுமென அதைக் கணினியிலேயே விட்டுவைத்தால், புதுக் கணினி வாங்கிய வித்தியாசத்தில் பாதியாவது இந்தச் செலவிலேயே தெரியும். ரேமை 16 ஆக்குவது அதற்கு அடுத்தபடி.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் வேலை முழுவதும் இப்போது அந்த ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஏறப்போகிறது. அதன் உடல்நிலையை முதலில் பாருங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். அதில் 05, சி5 என்ற வரிகளின் கடைசிக் கட்டத்தில் பூஜ்யங்களுக்குப் பதில் வேறு எண் தெரிந்து, அது வாராவாரம் ஏறினால் டிஸ்க்கின் பரப்பு கெட்டுவருகிறது. அதில் புதிதாக எதையும் வைக்காதீர்கள். சி7 என்ற வரி மட்டும் ஏறினால் பெரும்பாலும் குற்றம் டிஸ்க்கில் இல்லை, கேபிளில். உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் வரும் கணினிகளில் சாட்டா கேபிளின் முனையில் உள்ள மெல்லிய உலோகப் பட்டைகள் மங்கி, சில சமயம் பச்சை படிந்து இருப்பதைப் பார்க்கலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அந்தக் கேபிளைப் புதிதாக மாற்றினால் போதும், சிறிய செலவுதான். பழைய எண் அழியாது. இனி ஏறாமல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கை ஸ்டுடியோவில் கணினியின் பக்கத்திலேயே வைக்காமல், காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளுடன் போட்டு உச்சிப்புளி வீட்டிலேயே வையுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் மண்டபத்துக்குக் கொண்டுவந்து, அந்த வாரத்து நிகழ்ச்சிகளை ஊர்ப் பெயரும் தேதியும் இட்ட ஃபோல்டர்களாக நகல் எடுத்து, அன்று மாலையே திரும்ப எடுத்துச் செல்லுங்கள். ஆல்பத்தை ஒப்படைத்துக் கையொப்பம் வாங்கிய வேலைகளை மட்டும், வெளிப்புற டிஸ்க்கில் இருப்பதைத் திறந்து பார்த்துவிட்டு, டி-யிலிருந்து நீக்கலாம்.